கழுத்துக் கழலைக்கு அயோடின் குறைவு மட்டும்தான் காரணமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது தைராய்டு சுரப்பிக்கு வந்தால் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் செல்கிறோம். சுரப்பி எங்கே இருக்கிறது, தைராக்சின் என்ன செய்கிறது, உணவில் அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும், ஆகவே அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்த வேண்டும். அத்துடன் அடுத்த சுரப்பிக்குப் போய்விடுவோம். அன்னவாசல் பகுதியில் நான் இந்தப் பாடத்தை நடத்தும்போது பெரும்பாலும் யாராவது ஒரு மாணவி இப்படிக் கேட்பதுண்டு: "எங்க வீட்டுல பாக்கெட் உப்புதான் வாங்குறோம் டீச்சர். அப்புறம் ஏன் எங்கம்மா தினமும் தைராய்டு மாத்திரை போடுறாங்க?"

நியாயமான கேள்வி. இதற்கான விடை பத்தாம் வகுப்புப் பாடத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் நோய்த்தடைக்காப்பியல் பாடத்தில் இருக்கிறது. மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுக்காத பிள்ளைகளுக்கு அந்த மீதி விடை கிடைக்காமலே போகிறது. ஆனால் வீட்டில் மாத்திரை போடும் அம்மாவும் அத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பாதிகளையும் நம் வகுப்பறையில் எப்படி இணைக்கலாம் என்பதே இக்கட்டுரை.

1956: ஒரே ஆண்டு, இரண்டு கதைகள்

முதல் கதை நம் நாட்டில் நடந்தது. இமயமலை அடிவாரத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை மிகப் பரவலாக இருந்தது. ஆந்திரத்தைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். 1956 முதல் இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. 1962-இல் மறுபடி பார்த்தபோது, அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளில் கழலை பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்திருந்தது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் குறையவில்லை. அதே 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. நம் பாடநூலில் உள்ள 'அயோடின் உப்பு' என்ற வரிக்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

இரண்டாவது கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1912-இல் கியூஷுவில் பணியாற்றிய ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், கழுத்து வீங்கிய நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார். சுரப்பி முழுவதும் லிம்ஃபோசைட்டுகள் எனப்படும் வெள்ளையணுக்கள் குவிந்து கிடந்தன. அவை அங்கே ஏன் வந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. கண்டதை ஜெர்மன் மொழி இதழில் எழுதிவிட்டு, பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி ஊர் மருத்துவராகப் பணியாற்றினார். 1934-இல் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார்.

அவர் விட்டுச் சென்ற கேள்விக்கு விடை வர 44 ஆண்டுகள் ஆயின. உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாது என்ற கருத்தே அறிவியல் உலகில் வலுவாக இருந்தது. அக்கருத்து பால் எர்லிக்கிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ் என்ற இளைஞர், எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியின் ஆய்வகத்தில், முயலின் தைராய்டுச் சாற்றை முயல்களுக்கே ஊசி வழியே செலுத்தினார். முயல்கள் தங்கள் தைராய்டுக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உருவாக்கின. அவற்றின் சுரப்பிகளில் ஹஷிமோட்டோ கண்ட அதே காட்சி தெரிந்தது. விட்டெப்ஸ்கி, எர்லிக்கின் மாணவருடைய மாணவர். தன் ஆசிரியரின் ஆசிரியர் சொன்னதற்கு மாறான முடிவு அவருடைய ஆய்வகத்திலேயே வந்தது. 1956-இல் அந்த முடிவு வெளியானது. அதே ஆண்டில் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் உள்ளிட்ட குழுவினர், ஹஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற சுரப்பிப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினர். சுயதடைகாப்பு நோய் என்ற கருத்து மருத்துவத்தில் வேரூன்றியது.

ஆக, ஒரே கழுத்து வீக்கத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூலப்பொருளான அயோடின் போதாமை. மற்றொன்று, அயோடின் இருந்தும் சுரப்பியை உடலின் காவல் படையே தாக்குவது. மாணவியின் அம்மா மாத்திரை போடுவதற்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு சுரப்புக் குறைவுக்கு முதன்மைக் காரணம் ஹஷிமோட்டோ நோயே.

காவலர் ஏன் வீட்டாரைத் தாக்குகிறார்?

மாணவர்களுக்கு இதை விளக்க நமக்குத் தெரிந்த உவமையே போதும். நம் மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அது டி செல்களுக்கான பள்ளிக்கூடம். அங்கே ஒரு தேர்வு நடக்கிறது. உடலின் சொந்தப் புரதங்களைக் காட்டும்போது பாயக் கூடாது. அயலாரை அடையாளம் காணும் திறனும் வேண்டும். இந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. தேறாத செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. இவ்வளவு கண்டிப்பான பள்ளியிலிருந்தும், வீட்டாரைத் தாக்கக்கூடிய சில செல்கள் வெளியே வந்துவிடுகின்றன. அவற்றை அடக்கி வைக்க, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற இன்னொரு பிரிவு உண்டு. அந்தப் பிடியும் தளர்ந்தால் சுயதடைகாப்பு நோய் தொடங்குகிறது.

தைராய்டில் தாக்குதலுக்கு உள்ளாகும் பொருள்கள் முக்கியமாக மூன்று. முதலாவது, ஹார்மோன் உருவாகும் தளமான தைரோகுளோபுலின். இரண்டாவது, அயோடினை அந்தத் தளத்தில் ஒட்டவைக்கும் தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி. பரிசோதனைச் சீட்டில் 'டி.பி.ஓ. எதிர்ப்பொருள்' என்று வருவது இதற்கு எதிரானதுதான். மூன்றாவது, பிட்யூட்டரியிலிருந்து வரும் டி.எஸ்.ஹெச். வந்து பொருந்தும் ஏற்பி.

மூன்றாவது பொருள் நம் பாடத்தில் வரும் கிரேவ்ஸ் நோயோடு தொடர்புடையது. ஏற்பியைப் பூட்டு என்றும் டி.எஸ்.ஹெச்.சைச் சாவி என்றும் வைத்துக்கொள்வோம். கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் கள்ளச்சாவிபோல அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. பிட்யூட்டரி 'போதும்' என்று நிறுத்தினாலும் சுரப்பி நிற்காமல் சுரக்கிறது. ஹஷிமோட்டோ நோயில் சுரப்பி மெல்ல அழிகிறது. கிரேவ்ஸ் நோயில் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. விளைவு எதிரெதிராக இருந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பாடநூலில் தனித்தனியாகப் படிக்கும் மிக்சிடிமாவும் கிரேவ்ஸ் நோயும் இந்த இடத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன.

எதிர்ப்பொருள் இருந்தால் நோயா?

இந்தக் கேள்விக்கு நாம் தெளிவாக விடை தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனெனில் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு பெற்றோர் நம்மிடம்தான் முதலில் வருகிறார்கள். நம் ஆசிரியர் அறையிலேயே இந்தச் சீட்டுடன் கலங்கி நிற்பவர்கள் உண்டு.

சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,300-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. டி.பி.ஓ. எதிர்ப்பொருள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினரிடம் இருந்தது. இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி மாணவர்களையே முடிவு சொல்லச் சொல்லலாம். சுரப்புக் குறைவு உள்ள அத்தனை பேருக்கும் எதிர்ப்பொருள் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், எதிர்ப்பொருள் உள்ளவர்களில் பாதிப் பேருக்குச் சுரப்புக் குறைவு இல்லை. அதாவது எதிர்ப்பொருள் ஓர் அறிகுறி. அதுவே நோய் ஆகிவிடாது.

இங்கிலாந்தில் விக்கம் என்ற பகுதியில் மக்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும் இதையே சொல்கிறது. எதிர்ப்பொருள் மட்டும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 100-க்கு ஏறத்தாழ 2 பேருக்குச் சுரப்புக் குறைவு வந்தது. எதிர்ப்பொருளோடு டி.எஸ்.ஹெச்.சும் உயர்ந்திருந்த பெண்களில் அது 100-க்கு ஏறத்தாழ 4 பேர். ஆகவே எதிர்ப்பொருள் இருப்பவர் பயப்பட வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்துகொண்டால் போதும்.

இயற்கையே நடத்தும் ஒரு சோதனையும் உண்டு. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்லும் என்று பாடத்தில் படிக்கிறோம். கிரேவ்ஸ் நோயுள்ள தாயின் எதிர்ப்பொருள் குழந்தையைச் சென்றடைந்தால், பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் தைராய்டு மிகைச்சுரப்பு வரக்கூடும். எதிர்ப்பொருள் மறைந்ததும் அதுவும் மறையும். ஆனால் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் தாயிடமிருந்து குழந்தைக்குச் சென்றாலும் குழந்தையின் சுரப்பி பொதுவாக அழிவதில்லை. கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருளே வினைபுரிகிறது என்பதும், ஹஷிமோட்டோ நோயில் அழிக்கும் வேலையை முக்கியமாகச் செய்வது டி செல்களே என்பதும் இதிலிருந்து புரியும்.

உப்பின் மீது ஒரு வழக்கு

"அயோடின் உப்பு வந்த பிறகுதான் தைராய்டு அதிகமாயிற்று. அந்தக் காலத்தில் கல் உப்பு சாப்பிட்டவர்களுக்கு இதெல்லாம் இல்லை." இந்தப் பேச்சை நம் ஊர்களில் கேட்காதவர் இருக்க முடியாது. இதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிட்டால் மாணவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள். இதில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. அதன் அளவை நாம்தான் சொல்ல வேண்டும்.

இலங்கையில் 1990-களில் உப்பில் அயோடின் சேர்ப்பது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு 11 முதல் 16 வயது வரையிலான 367 பள்ளி மாணவியரைப் பரிசோதித்து, 2000-இல் முடிவை வெளியிட்டனர். தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் வயதுக் குழுவைப் பொறுத்து 14 முதல் 70 விழுக்காடு வரை இருந்தது. டி.பி.ஓ. எதிர்ப்பொருளோ 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை. திடீரென்று அயோடின் கூடும்போது தைரோகுளோபுலினில் அயோடின் மிகுதியாக ஏறுகிறது. அது தடைகாப்பு அமைப்பின் கண்ணில் எளிதில் படுகிறது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். சில ஆண்டுகள் கழித்து அங்கே மறுபடி ஆய்ந்தபோது எதிர்ப்பொருள் விகிதம் நன்கு குறைந்திருந்தது.

இந்தியாவிலும் பல பகுதிகளைச் சேர்ந்த 6,283 பள்ளி மாணவியரைப் பரிசோதித்தனர். 1,810 பேருக்குக் கழுத்து வீக்கம் இருந்தது. அவர்களில் 764 பேருக்கு ஊசி மூலம் செல்களை எடுத்துப் பார்த்ததில், 58 பேருக்குச் சுயதடைகாப்புத் தைராய்டு அழற்சி காணப்பட்டது. நம் வகுப்பில் இருக்கும் வயதுப் பிள்ளைகள்தான் இவர்கள்.

இதற்காக அயோடின் உப்பை விட்டுவிடலாமா? கூடாது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராக்சின் இன்றியமையாதது. அயோடின் குறைந்தால் ஏற்படும் அறிவு வளர்ச்சிக் குறைவைப் பின்னர் எந்த மாத்திரையாலும் சரிசெய்ய முடியாது. எதிர்ப்பொருள் கூடுவதோ பெரும்பாலோரிடம் தொல்லை தராமல் இருப்பது. சுரப்புக் குறைவு வந்தாலும் மாத்திரையால் சமாளிக்கக்கூடியது. இரண்டையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

நமக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. தூத்துக்குடியும் வேதாரண்யமும் உள்ள தமிழ்நாடு, குஜராத்துக்கு அடுத்து உப்பு மிகுதியாக விளையும் மாநிலம். ஆனால் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடுதான். மாநிலங்களில் அதுவே மிகக் குறைவு. 'கல் உப்புதான் நல்லது' என்ற பேச்சு நம் மாநிலத்தில் வெறும் பேச்சாக நிற்கவில்லை என்பதை இந்த எண் காட்டுகிறது.

வகுப்பறையில் நாம் காணக்கூடியவை

சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுவார். கையெழுத்து மெதுவாயிற்று, மதிப்பெண் சரிந்தது. 'சோம்பல்' என்று வீட்டிலும் வெளியிலும் பெயர் வந்துவிட்டது. அவருடைய உயரம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் கூடவே இல்லை என்பதைப் பதிவேட்டைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர்தான் முதலில் சொன்னார். தாயை வரவழைத்துத் தனியே பேசினோம். தாயும் தைராய்டு மாத்திரை உட்கொள்பவர். "பொம்பளப் புள்ளைக்கு இப்படின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் காட்சிக்கு இடைஞ்சல் டீச்சர்" என்று தயங்கினார். யாருக்கும் சொல்லமாட்டோம் என்று உறுதி தந்த பிறகே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சுயதடைகாப்பால் வந்த சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் அந்த மாணவி வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருத்துவரின் வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் நாம். கவனிக்க வேண்டியவை இவை:

1. உயரம் கூடாமல் எடை மட்டும் கூடுதல், எப்போதும் களைப்பு, வறண்ட தோல், மலச்சிக்கல், மற்றவர்களுக்கு வியர்க்கும்போதும் குளிர்கிறது என்று சொல்லுதல், பூப்பு தாமதமாதல், மாதவிடாய் ஒழுங்கின்மை ஆகியவை சுரப்புக் குறைவைக் காட்டலாம்.

2. நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல், கை நடுக்கம், படபடப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாமை, கண்கள் முன்தள்ளியிருத்தல் ஆகியவை மிகைச்சுரப்பைக் காட்டலாம். இப்பிள்ளைகள் பெரும்பாலும் 'குறும்பு' என்ற பெயரோடு இருப்பார்கள்.

3. தண்ணீர் குடிக்கும்போது முன்கழுத்தில் மேலும் கீழும் அசையும் வீக்கம்.

இவை வேறு காரணங்களாலும் வரலாம். இரத்தசோகையும் களைப்பைத் தரும். எனவே நோயின் பெயரைச் சொல்லாமல், "ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று மட்டும் பெற்றோரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழு பரிசோதிக்கும் குறைபாடுகளின் பட்டியலில் கழுத்துக் கழலையும் உண்டு. அவர்கள் வரும் நாளில் ஐயமுள்ள பிள்ளைகள் விடுப்பில் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், உயரப் பதிவேட்டை எடுத்துக் காட்டுவதும் பெரிய உதவி.

மாத்திரை உட்கொள்ளும் பிள்ளைகள் இருந்தால் மூன்று செய்திகளைப் பெற்றோருக்கு நினைவூட்டலாம். தைராக்சின் மாத்திரையை எழுந்ததும் வெறும் வயிற்றில் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உண்ண வேண்டும். பள்ளியில் காலை உணவு உண்ணும் பிள்ளைகள் வீட்டிலேயே மாத்திரையை முடித்துவிட்டு வர வேண்டும். பள்ளியில் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு, தைராக்சின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். பரிசோதனை முடிவு சரியாக வந்துவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. அது சரியாக வருவதே மாத்திரையால்தான்.

மூன்று செயல்பாடுகள்

அடையாள அட்டை விளையாட்டு: வகுப்பில் சிலருக்குப் பச்சை அட்டை (உடலின் புரதம்), சிலருக்குச் சிவப்பு அட்டை (கிருமி). இரண்டு பேர் காவலர்கள். முதல் சுற்றில் சிவப்பை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில், ஓரத்தில் சிறிது சிவப்பு பூசிய பச்சை அட்டைகளைக் கலந்துவிடுங்கள். காவலர்கள் தடுமாறுவார்கள். ஏன் தடுமாறினார்கள் என்ற கலந்துரையாடலிலிருந்து சுயதடைகாப்பு என்ற கருத்து தானாகவே வெளிவரும்.

ஒரு கணக்கு: ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். 70 ஆண்டுகளுக்கு எவ்வளவு? விடை ஏறத்தாழ 3.8 கிராம். ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவு. ஆனால் அதை ஒரே நாளில் உண்டு சேமித்துவைக்க முடியாது. அதனால்தான் அன்றாடம் உண்ணும் உப்பு அதைச் சுமக்கிறது.

உப்புச் சோதனை: மாணவர்கள் தத்தம் வீட்டிலிருந்து ஒரு தேக்கரண்டி உப்பைப் பெயர் எழுதாத தாளில் மடித்துக் கொண்டுவரட்டும். உப்புப் போடாத சோற்றுக் கஞ்சியின் தெளிந்த நீர் சில துளிகள், புதிதாகத் தயாரித்த பொட்டாசியம் அயோடைடு கரைசல் இரண்டு துளிகள், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு துளிகள் ஆகியவற்றை உப்பின் மீது விட வேண்டும். அமிலத்தை ஆசிரியரே கையாள வேண்டும். உப்பில் பொட்டாசியம் அயோடேட் இருந்தால் அயோடின் விடுபட்டு, கஞ்சியிலுள்ள தரசத்துடன் சேர்ந்து நீலநிறம் தரும். உப்பே இல்லாத ஒரு மாதிரியையும் ஒப்பீட்டுக்காக வைக்க வேண்டும். அமிலத்துக்குப் பதிலாக எலுமிச்சைச் சாற்றைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் சி, விடுபடும் அயோடினை மாற்றி நிறத்தைக் கெடுத்துவிடும். அயோடின் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே இது காட்டும். சட்டப்படி நுகர்வோர் கையில் இருக்க வேண்டிய 15 பி.பி.எம். அளவு உள்ளதா என்பதற்கு ஆய்வகச் சோதனை தேவை. முடிவுகளை எண்ணிக்கையாக மட்டும் கரும்பலகையில் எழுதுங்கள். எந்த வீட்டு உப்பு என்பது வெளிவர வேண்டாம்.

கரும்பலகையில் கழலைக்கான காரணம் என்று எழுதும்போது, 'அயோடின் குறைவு' என்பதன் கீழே 'சுயதடைகாப்பு' என்று இன்னொரு வரி சேர்த்தால் போதும். பாடவேளையில் ஐந்து நிமிடம்கூட கூடாது. அந்த ஐந்து நிமிடத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மாத்திரையை மறைத்து வைக்கும் ஒரு தாயிடமும், அயோடின் உப்பை நிறுத்தப் பார்க்கும் ஒரு பாட்டியிடமும் அதைச் சொல்ல அவர்களை விடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை.

– பட்டதாரி ஆசிரியை (அறிவியல்), அன்னவாசல் ஒன்றியம், புதுக்கோட்டை மாவட்டம்